வீட்டுக்குள் இருந்த காற்று

ரோஸ்லின் வேலை பார்த்த பரிசோதனைக்கூடம் ஹைதராபாத்தின் நாச்சாரத்தில், ஒரு மருந்துக் கம்பெனிக்கும் பிளாஸ்டிக் குடம் செய்யும் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது. புகைபோக்கியில் ஏறிப் புகையை அளப்பது, மருந்துக் கம்பெனிகளின் அறைகளில் கிருமி மிதக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் அவள் வேலை. பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு இங்கே வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டுக் காற்றைச் சோதித்துத் தரும்படி யாரும் கேட்டதில்லை. அதனால் 2010 ஏப்ரலில் மஹதி என்ற பெண் போன் செய்தபோது, "எந்த ஃபேக்டரி மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஃபேக்டரி இல்ல. வீடு. அல்வால்ல எங்க பேரன்ட்ஸ் வீடு. அம்மாவுக்கு லங்ஸ் ப்ராப்ளம். வீட்டுல என்ன இருக்குன்னு செக் பண்ணச் சொன்னார் டாக்டர்."

மஹதி மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தாள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சிகரெட் கிடையாது, ஆஸ்துமா கிடையாது, இரண்டு வருடத்தில் நுரையீரல் பாதிக்குமேல் இறுகிப்போய்விட்டது என்றாள். சொல்லும்போது குரல் மாறவில்லை. பலரிடம் பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

ரோஸ்லின் போய் இறங்கியபோது மஹதியின் அப்பா நாராயணஸ்வாமி ஒரு தடித்த ஃபைலுடன் கேட்டிலேயே நின்றிருந்தார். பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் கருவிகள் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் கும்பகோணம்.

"வாங்கோ. நீங்கதான் டெஸ்டிங்கா? மொதல்ல இதைப் பாருங்கோ" என்று தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

எதிரே பாறையை வெடிவைத்துத் தகர்த்து ஐந்து மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கல் உடைக்கும் இயந்திரத்திலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பித் தெரு முழுக்கப் படிந்திருந்தது.

"ரெண்டாயிரத்தி எட்டுல ஆரம்பிச்சான். அந்த வருஷம்தான் ருக்மிணிக்கு இருமல் வந்தது. முனிசிபாலிட்டிக்கு எழுதினேன், கலெக்டருக்கு எழுதினேன். எல்லாரும் தெலுங்குல ஹவ் ஹவ், ஆமாம் ஆமாம்னு தலையாட்டறான். ஆதாரம் கேக்கறான். நீங்க நம்பர் குடுங்கோ, மீதியை நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனதும் ரோஸ்லினுக்கு முதலில் தெரிந்தது அந்த வீட்டின் அமைதிதான். வெளியே அத்தனை இரைச்சல், உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. ஜன்னல்களின் இடுக்குகளில் ரப்பர் பட்டை வைத்து, அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார். வாசல் கதவுக்கு அடியில்கூட ரப்பர். சமையலறை வென்டிலேட்டரில் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்.

"எல்லாம் நானே பண்ணினது. ஒரு துளி தூசி உள்ள வராது" என்றார்.

படுக்கையறையில் ருக்மிணி தலையணைகளை முதுகுக்கு அடுக்கி உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டிலிலிருந்து நாலடி தள்ளி ஒரு பெரிய தகரக் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தில் கூலர் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்; வெளிக்காற்றை ஈரப் புல் தட்டி வழியாக இழுத்து உள்ளே தள்ளும். இது அறைக்குள் இருந்தது.

"தூசி ஆரம்பிச்ச உடனே ஜன்னலை அடைச்சு, அதை உள்ள கொண்டுவந்துட்டேன். ஏசி போட்டா அவளுக்கு மூட்டு பிடிச்சுக்கும். இது நானே தகடு வளைச்சு, மோட்டார் மாட்டிப் பண்ணினது. பத்து வருஷம் ஆச்சு, ஒரு ரிப்பேர் கிடையாது" என்றார் நாராயணஸ்வாமி.

ரோஸ்லின் கூலரையே பார்த்தாள். அதன் பின்னால் சுவர் இடுப்பளவுக்குக் கறுத்திருந்தது. பீரோவின் பின்பக்கமும் அப்படித்தான். புல் தட்டியின் நிறம் இன்னதென்று சொல்ல முடியவில்லை.

அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை ருக்மிணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு… ஒரு காபி… கொண்டுவாங்கோளேன்" என்று கணவரை அனுப்பினார். அவர் சமையலறைக்குப் போனபின் மெதுவாகப் பேசினார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்.

"போன வருஷம் மெட்ராஸ்ல… அக்கா ஆத்துல ஒரு மாசம் இருந்தேன். இருமலே இல்லை. இங்க வந்து நாலாம் நாள்… ஆரம்பிச்சுடுத்து."

"சார்ட்ட சொல்லலியாம்மா?"

"என்னன்னு சொல்றது? தினம் ரெண்டு வேளை அதுல தண்ணி விடுவார். எனக்கு வேர்க்கப்படாதுன்னு."

ரோஸ்லின் மறுபடி கூலரைப் பார்த்தாள்.

"அதுலதான் இருக்குன்னு வந்தா… எழுதாதேயேன்."

"வர்றதத்தானம்மா எழுதணும். மாத்தி எழுத முடியாது."

"எனக்கு இனிமே ஒண்ணும் திரும்பி வரப்போறதில்லை. டாக்டர் மஹதிகிட்ட சொன்னது… என் காதுல விழுந்தது. அவராவது நிம்மதியா இருக்கட்டும். கல்லு ஒடைக்கறவனைத் திட்டிண்டு… இருந்துட்டுப் போகட்டுமே."

நாராயணஸ்வாமி காபியுடன் வந்தார். பேச்சு நின்றது. ரோஸ்லின் பெட்டியைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள். மொட்டைமாடியிலும் கூடத்திலும் சமையலறையிலும் பூஞ்சை வளரக்கூடிய தட்டுகளை வைத்துக் காற்றை இழுத்தாள். படுக்கையறையில் கூலரை நிறுத்திவிட்டு ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை. கூலர் தண்ணீரில் கொஞ்சம் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு. நாராயணஸ்வாமி கூடவே வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். மாடியில் அவள் வைத்திருந்த தூசி அளக்கும் கருவியை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கமாக நகர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டார். அவள் நகர்த்தி வைத்தாள்.

தட்டுகள் வளர ஐந்து நாள். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மாடித் தட்டில் ஒன்பது பூஞ்சைப் புள்ளிகள். கூடத்தில் நாற்பத்துச் சொச்சம். படுக்கையறைத் தட்டுகளில் எண்ணவே முடியவில்லை. பச்சையும் சாம்பலுமாக ரோமம்போல் வளர்ந்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டு மாறியிருக்குமோ என்று ஒட்டியிருந்த சீட்டுகளை இரண்டு முறை படித்தாள். மாறவில்லை. கல் தூசி மாடியில் அளவுக்கு மேல்தான் இருந்தது, ஆனால் அது உண்மையிலேயே வீட்டுக்குள் வரவில்லை. அந்த மனிதர் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் மஹதிக்குப் போன் செய்து, கூலரில் வளரும் பூஞ்சைதான் அறைக்காற்று முழுக்க இருக்கிறது, அதை நாள்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும் என்றாள்.

"கூலரா?" என்றாள் மஹதி.

"எடுத்திட்டா கொஞ்சம் கொறையும்னு நெனைக்கேன் மேடம். டாக்டர்ட்ட கேளுங்க."

"டாக்டர் ஏற்கனவே சொல்லிட்டார். காரணம் எதுவா இருந்தாலும் டூ லேட்டாம். ஸ்லோ பண்ணலாம், அவ்ளோதான்." பிறகு, "ரோஸ்லின், அப்பாவுக்கு வெளில எடுத்த டஸ்ட் ரிப்போர்ட் மட்டும் குடுக்க முடியுமா? மத்தது எனக்கு மெயில் பண்ணுங்க. கூலரை நான் ஏதாவது சொல்லி எடுத்துடறேன். ப்ளீஸ்" என்றாள்.

ரோஸ்லின் யோசித்தாள். பொய் எழுதச் சொல்லவில்லை. இரண்டு தாளில் ஒன்றை மட்டும் கொடுக்கச் சொல்கிறாள். கட்டிலில் இருந்த அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "சரி மேடம், அப்படியே செய்யுதேன்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாராயணஸ்வாமி இரண்டு பஸ் மாறி நாச்சாரத்துக்கே வந்துவிட்டார். தூசி ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நான் சொல்லலே? ரெண்டு மடங்கு இருக்கு பாருங்கோ. சரி, தட்டுகளைக் காட்டுங்கோ."

"அது இன்னும் முழுசா வளரல சார்."

"பரவாயில்லை. வளந்த வரைக்கும் பாக்கறேன். நான் ரிப்போர்ட்டை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டதே கிடையாது."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். தட்டுகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது. அவள் தடுக்கப் போனாள், எதைச் சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். மாடி. கூடம். சமையலறை. படுக்கையறை, கூலர் நிறுத்தியபின். படுக்கையறை, கூலர் ஓடும்போது.

கடைசித் தட்டின் முன் வெகுநேரம் நின்றார்.

"காத்துப் படாத தட்டு ஒண்ணு தனியா வெச்சேளா? ஒப்பிட்டுப் பாக்க?"

"வச்சோம் சார். சுத்தமா இருக்கு."

"ரெண்டு செட்டும்?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் சார்."

"அப்போ சரிதான்" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது, ஆட்கள் டீ குடிக்க வெளியே வரும் சத்தம் கேட்டது.

"ருக்மிணிக்குத் தெரியுமா?"

"நான் அம்மாட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல சார்."

"நான் அதைக் கேக்கலே."

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தொட்டியடியில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நடந்ததை மஹதி போனில் சொன்னாள். அன்று மத்தியானமே அவர் கூலரைக் கழற்றித் தகடு தகடாகப் பிரித்துப் போட்டுவிட்டார். யாரையும் கிட்ட வர விடவில்லை. ஜன்னல் டேப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். ஏசி வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ருக்மிணிக்கு இருமல் கொஞ்சம் குறைந்தது. மூச்சு குறைந்துகொண்டேதான் போனது.

ஜூலைக் கடைசியில் மறுபடி சோதிக்கச் சொல்லி மஹதி கூப்பிட்டாள். அப்பா ஆசைப்படுகிறார் என்றாள். ரோஸ்லின் போனபோது அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார், உள்ளே வரவில்லை.

படுக்கையறையில் ருக்மிணி பாதியாக இருந்தார். பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எழுதாதேன்னு… சொன்னேனே."

"நான் எழுதிக் குடுக்கலம்மா. சார் தட்டையே பாத்துட்டாங்க."

ருக்மிணி கண்ணை மூடித் திறந்தார். "மூணு மாசமா இந்த ரூமுக்குள்ள வர்றதில்லை. மாத்திரையைக் கதவுகிட்ட வெச்சுட்டுப் போறார். வேலைக்காரி எடுத்துக் குடுக்கறா. முன்னெல்லாம் இங்கயே உக்காந்துண்டு… யாருக்கு என்ன எழுதினேன்னு… படிச்சுக் காட்டுவார். நான் தூங்கிப்போயிடுவேன்." மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "மூச்சு போறதுன்னு தெரியும். பேச்சும் போகும்னு… நினைக்கலே" என்றார்.

ரோஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலையைப் பாரு என்பதுபோல் ருக்மிணி கையை விடுவித்துக்கொண்டார். அவள் தட்டுகளை வைத்துக் காற்றை எடுத்தாள். வெளியே வரும்போது நாராயணஸ்வாமியிடம், "அம்மா உங்கள உள்ள வரச் சொல்லுதாங்க சார்" என்றாள். ருக்மிணி அப்படிச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை.

இந்த முறை படுக்கையறைத் தட்டில் பதினொன்று. மாடிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. நல்ல காற்று. தட்டுகள் வளர்ந்துகொண்டிருந்த நான்காம் நாள் ருக்மிணி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ரிப்போர்ட்டை என்ன செய்வது என்று மஹதியிடம் கேட்க ரோஸ்லினுக்கு மனம் வரவில்லை. அது மேஜையிலேயே கிடந்தது.

காரியம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக அல்வாலுக்குப் போனாள். வீட்டில் மஹதி பாத்திரங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கொண்டாப்பூரில் இருந்த தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப்போகிறாளாம். நாராயணஸ்வாமி படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்.

"கடைசி டெஸ்ட் என்ன ஆச்சு?"

"நல்லா இருக்கு சார்."

"ம்."

பிறகு அவரே பேசினார். "பேச்சுக் குடுத்தா அவளுக்கு மூச்சு வாங்கும், அதான் போகலைன்னு மஹதிகிட்ட சொன்னேன். எனக்கே சொல்லிண்டேன். அது உண்மை இல்லை. உள்ள போனா அவ பரவாயில்லைன்னு சொல்லிடுவா. அவ அப்படித்தான். அதைக் கேட்டுண்டு நிக்க என்னால முடியாது."

"சார்…"

"மூணு மாசம். பத்தடி தூரம்."

நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று ரோஸ்லின் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியும். மஹதி வாசலில் வந்து நின்று, "அப்பா, சாப்பாடு" என்றாள். "அப்புறம்" என்றார் அவர். மஹதி கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி பாத்திரம் கட்டப் போனாள்.

ரோஸ்லின் எழுந்து சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றாள். செகந்திராபாத் போகும் பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை, விட்டுவிட்டாள். அடுத்ததில் ஏறினாள்.