ஷெர்வின் திருத்திய இளவரசி கதை

பழைய கதையின் கழுத்தில் ஐடி கார்டு ஒன்றை மாட்டிவிட்டால் அது புதிய கதையாகிவிடும் என்று ஷெர்வின் நம்பினான்.

"மோனி, பிரின்ஸ் வந்து ப்ராடக்ட் மேனேஜர். பூசணிக்காய் வண்டிக்குப் பதிலா கேப். நைட்டு பன்னெண்டு மணிக்கு ரேட் ஏறிடும், அதான் அவ ஓடுறா. செம ஃப்ரெஷ்ஷா இல்ல?" என்று தன் வைட்ஃபீல்ட் ஃபிளாட்டிலிருந்து எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பினான். முடிவில் ஒரு சிரிப்புச் சத்தம். சிரித்ததும் அவனேதான்.

ஷெர்வின் என் அக்கா ஜூலியாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து ரிசப்ஷன்களில் கேக் வெட்டியதும் ஒருவர் மைக்கைப் பிடித்து, மணமக்கள் சேர்ந்த கதையைச் சொல்லி, ஒயின் கோப்பையை உயர்த்துவார். டோஸ்ட் என்போம். பெரியவர் யாராவது செய்கிற வேலை அது. இந்த முறை என் தலையில் விழுந்ததற்கு ஷெர்வின்தான் காரணம்.

"நீதான் எந்தெந்த நாட்டு நாவலோ தமிழ்ல படிக்கிற ஆளாச்சே. கண்ணாடிச் செருப்புக் கதையை எங்களுக்குப் பொருத்திப் புதுசா சொல்லு."

படிப்பது அவனைப் பொறுத்தவரை ஒரு சின்ன நோய். அதனாலும் ஒரு பயன் வந்துவிட்டதில் அவனுக்கு மகிழ்ச்சி.

அக்கா அல்சூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். வரும் ஜூனிலிருந்து பத்தாம் வகுப்பு அவளுக்கு. பெண் பார்க்க வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நான் வேலையை விட மாட்டேன். இதுக்குச் சம்மதம்னா மேல பேசலாம்." ஷெர்வின் மார்பில் கை வைத்து, "நான் அந்த மாதிரி ஆளே இல்ல" என்றான். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. மார்பில் கை வைத்துப் பேசும் ஆண்களை நாவல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில், இளவரசியின் வண்டியை இழுக்கக் குதிரைகளாக மாறிய எலிகளின் கதையாக எழுதினேன். ஒரே ஒரு இரவு குதிரையாக ஓடிய எலி, மறுநாள் வளைக்குள் எப்படிப் படுத்திருக்கும்? பழைய உடம்புக்குள் காற்றின் ஞாபகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? எழுதி முடித்து அவனுக்கு அனுப்பினேன்.

"எலியா? கெஸ்ட் எல்லாம் சாப்பிடுற நேரத்துல எலியா?" என்றான் ஷெர்வின்.

அடுத்ததை, வீடு வீடாகச் செருப்பைச் சுமந்துபோன அரண்மனைப் பணியாள் சொல்வதாக எழுதினேன். இரவெல்லாம் ஒருத்தியோடு ஆடியவனுக்குக் கால் அளவு மட்டும் நினைவிருக்கிறதே என்று அந்த ஆளுக்கு ஆச்சரியம். கடைசியில் அந்தப் பெண் செருப்பில் கால் வைக்குமுன் இளவரசனிடம் கேட்கிறாள்: "அன்றைக்கு நான் உங்களிடம் என்ன பேசினேன்?"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஷெர்வினும் அவன் அம்மா ஜோசஃபின் ஆன்ட்டியும் சாப்பிட வந்தார்கள். அதைப் படித்துக் காட்டினேன். அக்கா பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஷெர்வின் லெக் பீஸைக் கடித்தபடி கேட்டான்.

"கொஸ்டின் எல்லாம் எதுக்கு மோனி? டல்லா இருக்கு. எண்டிங் நான் சொல்றேன், எழுதிக்கோ." எலும்பைத் தட்டில் போட்டு எழுந்து நின்றான். "செருப்பு ஃபிட் ஆச்சு. அவ சாக்பீஸைத் தூக்கிப் போட்டா. வைட்ஃபீல்ட் பேலஸுக்கு வந்தா, லெவன்த் ஃப்ளோர். காலையில குயின் மதருக்கு ரெண்டு இட்லி, மாத்திரை. சாயங்காலம் பிரின்ஸுக்கு ஃபில்டர் காபி. அப்புறம் எப்பவும் சந்தோஷம். சியர்ஸ்!"

தண்ணீர் டம்ளரை உயர்த்தினான். யாரும் உயர்த்தவில்லை.

"சாக்பீஸை நான் எப்போ தூக்கிப் போட்டேன்?" என்றாள் அக்கா.

"ஏய் ஜூலி, சும்மா ஜோக்கு. கதைதானே."

"ஜோக் என்னப்பா?" என்றார் ஆன்ட்டி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "சமையலுக்கு வர்ற அம்மாவை மே மாசத்தோட நின்னுக்கச் சொல்லியாச்சே. அது வேற வீடுகூடப் பாத்துக்கிச்சு. அந்த வெங்காயப் பச்சடியை இப்படித் தள்ளும்மா."

"மம்மி!" என்று ஷெர்வின் கத்தினான். அம்மா சொன்னது தவறு என்பதற்காக இல்லை, அவசரப்பட்டுவிட்டாரே என்பதற்காக.

"அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாம்மா. ஹால்லாம் புக் பண்ணியாச்சு" என்றார் அப்பா.

"அப்புறம் பேச என்ன டாடி இருக்கு? அவங்க பேசி முடிச்சிட்டாங்க." அக்கா ஷெர்வினைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுல எது ஜோக்கு? இட்லியா, மாத்திரையா?"

"லுக், என் சம்பளத்துக்கு நீ ஏன் வேலைக்குப் போகணும்? உன் நல்லதுக்குத்தான். சர்ப்ரைஸா சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

பிடுங்கிக்கொள்வதையும் ரிப்பன் கட்டிக் கொடுக்கும் ஆள்.

பச்சடியைத் தள்ளிவிட்டு அக்கா சொன்னாள்: "சமையல் அம்மாவைத் திரும்ப வரச் சொல்லுங்க ஆன்ட்டி. நான் வரப்போறதில்ல."

ஷெர்வின் கதவை அறைந்துவிட்டு வெளியேறினான். ஆன்ட்டி பிரியாணியை முடித்து, கையைக் கழுவி, "பொண்ணுங்களுக்குப் புக்கு வாங்கிக் கொடுத்தா இப்படித்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று. ஓலை என்பார்கள். அன்று காலைதான் இரண்டாவது முடிந்திருந்தது.

"ஃபாதர், மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்."

"ஏம்மா, யாராவது தடை சொல்றாங்களா?"

"நான்தான் ஃபாதர் சொல்றேன்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிக்காம இருந்ததாலதான் ரெண்டு ஓலை வரைக்கும் வந்திருக்கு."

அவர் ஓலைப் புத்தகத்தை எடுத்து இரண்டு பெயர்களையும் அடித்தார்.

ஏரி ஓரமாக நடந்து திரும்பும்போது என் போனில் ஷெர்வினின் மெசேஜ் வந்தது. அக்காவுக்கு இல்லை, எனக்கு. மன்னிப்பாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். நாவல் படிப்பதில் உள்ள கெடுதல் இதுதான்.

"மோனி, கல்யாணம் நடக்குதோ இல்லையோ, அந்த பேலஸ் எண்டிங் என்னோட கான்செப்ட். வேற யாரோட டோஸ்ட்டுக்கும் யூஸ் பண்ணிடாத."

அக்காவிடம் காட்டினேன். பேல்பூரி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"என்ன பதில் போடட்டும்?"

"கவலைப்படாதீங்க, அதை வேற யாரும் தொடக்கூட மாட்டாங்கன்னு போடு."

அப்படியே போட்டேன். உடனே பதில் வந்தது.

"தேங்க்ஸ்."