முசுறு

தெல்தோட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் மூக்கையா கங்காணியைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் ‘முசுறு’ என்றுதான் சொல்வார்கள். சாக்கில் ஒரு பச்சைக் காய் கிடந்தால் போதும், மொத்தத்தையும் தரையில் கொட்டிப் பொறுக்கச் சொல்வார். காப்பிச் செடியில் கூடு கட்டும் முசுறு என்ற செவ்வெறும்பு கழுத்தில் ஏறியது போலத்தான், உதறினாலும் விடமாட்டார்.

கைக்குழந்தையைக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் விட்டுவிட்டு வந்திருந்த அங்கம்மா, அன்று மூன்றாம் தடவை பொறுக்கியபோது வாய்விட்டே திட்டிவிட்டாள்.

“இந்த முசுறு என்னைக்குத்தான் ஓயுமோ!”

பின்னால் தோட்டத்தின் வெள்ளைக்காரச் சின்னத்துரை நின்றிருந்தார். கப்பலிறங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ் படிக்கும் ஆசையில் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்திருப்பார்.

“முசுறு… என்ன அர்த்தம்?”

அங்கம்மா அவசரமாகச் சமாளித்தாள். “அது வந்து… ரொம்ப சுறுசுறுப்பான ஆளுங்க, தொரை. மரியாதையான பேச்சு.”

துரை அழகாக எழுதிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் ஆட்களெல்லாம் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நின்றபோது, அவர் கங்காணியின் தோளைத் தட்டி உரக்கச் சொன்னார்: “மூக்கையா, நீ பெரிய முசுறு!”

வரிசை முழுக்கச் சிரிப்பு அடைத்துக்கொண்டது. நல்லம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கங்காணியின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து அங்கம்மாவிடம் வந்து நின்றது. இன்றோடு தன் பெயர் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டிலிருந்து போய்விட்டது என்றே அவள் நினைத்தாள்.

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

“ஆமாங்க தொரை, முசுறுதான். புடிச்சா விடமாட்டேன். புள்ளக்காரிங்க மத்தியானம் லயத்துக்குப் போய்ப் பால் குடுத்துட்டு வரணும்னு மூணு மாசமா கேக்குறேன். இன்னைக்கும் கேக்குறேன்.”

எல்லோர் முன்னாலும் பாராட்டிய ஆளிடம் மாட்டேன் என்று சொல்லத் துரையால் முடியவில்லை. “சரி, போகட்டும்” என்றார்.

தங்களுக்காக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. மலையேறும்போது அங்கம்மா தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க, கங்காணியாரே.”

“எதுக்குக் கோவம்? முந்தின தோட்டத்துல என்னைக் காட்டெருமைன்னாங்க” என்றார் அவர். “இது கொஞ்சம் சின்ன உருப்படிதானே. பேசாம நட, வெயில் ஏறுது!”

அங்கம்மா சிரித்துக்கொண்டே தன் காப்பிச் செடி நிரைக்கு ஓடினாள்.