மசியாகசாரஸுக்குப் பல் கட்டியவர்

எங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் கூடத்துக்கு விளக்க அட்டை எழுதுவது என் வேலை. நிரந்தர வேலை இல்லை. மேலாளர் நினைத்தால் ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பலாம்.

அட்டையில் இப்படி எழுதியிருந்தேன்: "குழந்தைகளே, இது மசியாகசாரஸ். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, இறைச்சி தின்னும் டைனோசர். நீளம் இரண்டு மீட்டர்தான். முன்பற்களைப் பாருங்கள், எப்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன! சின்ன இரையைக் கவ்விப் பிடிக்க உதவியிருக்கலாம்."

பாருங்கள் என்று எழுதியாகிவிட்டது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. மாதிரி உருவத்தின் பல்வரிசை முத்துக் கோத்ததுபோல் இருந்தது. செய்தவர் மேலாளரின் மைத்துனர், இருபது வருடமாகப் பல்செட் செய்பவர். பல் உள்ள எதையும் அவரிடம் கொடுக்கலாம் என்பது மேலாளரின் ஆராய்ச்சி முடிவு.

"படத்துல பல்லெல்லாம் துருத்திக்கிட்டு இருந்துச்சும்மா. பாவம், சரி பண்ணி விட்டுட்டேன்," என்றார் மைத்துனர்.

"அது அப்படித்தான் சார் இருக்கணும்."

"பல்லு கட்ட யாரு வந்தாலும் முதல்ல இதைத்தாம்மா சொல்லுவாங்க."

மேலாளரிடம் போனேன். "மச்சான் மனசு நோகக் கூடாது. அட்டையை மாத்துங்க. இல்லைன்னா மாத்துறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் பள்ளிக்கூடம் வருகிறது.

மாற்றினேன். "இதன் முன்பற்கள் வெளியே நீட்டியிருந்தன. இங்கே காணும் நேரான பற்கள் மேலாளரின் மைத்துனர் கட்டிவிட்டவை." மேலாளர், "மாத்திட்டீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மைத்துனர் படித்தார், இரண்டு தடவை. காது சிவந்துவிட்டது.

"என்னம்மா, மானத்தை வாங்குறீங்க! இதை எடுங்க."

"எடுத்துடலாம் சார். படிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு உங்க மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் மேலாளர் அறைப் பக்கமே போகவில்லை. மதியம் மூன்று மணிக்கு இடுக்கியோடு உட்கார்ந்தார். ஒரு பல்லைச் சாய்த்து ஒட்டுவார். பழகிய கை அதை நிமிர்த்திவிடும். தன்னையே திட்டிக்கொண்டு பிடுங்குவார். ஐந்தரைக்குத்தான் முன்பற்கள் வெளியே வந்தன. நான் பழைய அட்டையையே மாட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்பிய மேலாளர் எட்டிப் பார்த்துப் பதறினார். "யாரு இந்தப் பல்லைக் கெடுத்தது?"

"கெடுக்கல மாமா," என்றார் மைத்துனர், கையைத் துடைத்தபடி. "இந்த ஜாதி டைனோசருக்கு இப்படித்தான். தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க."