நடுவில் வைத்த கேள்வி

காத்திருப்பு அறையின் கதவைத் திறந்து, "அடுத்த ஜோடி வரலாம்" என்றேன். எழுந்து நின்றவர்கள் என் அக்காவும் அவளுடைய நாத்தனாரும்.

அக்காவின் மூக்குக்கண்ணாடி நாத்தனாரின் கையில் இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கண்ணாடி இல்லாததால் அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது.

"நீ இன்னிக்கு லீவுல்ல?" என்றாள்.

"மாத்திக்கிட்டேன்."

"இதைச் சொல்லவே இல்லயே" என்றாள், ஏதோ நான்தான் மறைத்துவிட்டது போல.

உளவியல் ஆய்வுகளுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது என் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். யாரை உட்காரவைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி ஆய்வு இருக்கிறது. இந்த ஆய்வு நெருக்கத்தைப் பற்றியது. மிக நெருக்கமான இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் என்ன பதில் சொல்வார் என்று மற்றவரை ஊகிக்கச் சொல்வோம். 'நெருக்கமானவர்கள் தேவை' என்று அறிவித்தால் ஊரில் எல்லோரும் நெருக்கமாகிவிடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டே வந்த தம்பதிகள் வாசலில் கை கோத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் அறிவிப்பில் 'அன்றாடப் பழக்கங்கள் பற்றிய ஆய்வு' என்று மட்டும் போடுவோம். தொலைபேசியில் தூக்கம், நடை, டீயில் சர்க்கரை என்று வரிசையாகக் கேட்போம். பெரும்பாலானவை சும்மா கேட்பவை. அவற்றுக்கு நடுவே, ஆள் சற்றே சலித்துப்போயிருக்கும் நேரத்தில், ஒரு கேள்வி வரும்: கெட்ட செய்தி வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? தேர்வை முடிவு செய்வது அது ஒன்றுதான். அங்கே சொல்லும் ஆளையே உடன் அழைத்துவரச் சொல்வோம். அது முக்கியமான கேள்வி என்று தெரியாததால் யாரும் அதில் நடிப்பதில்லை. மரியாதைக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கேள்வியை எழுதியவள் நான். அதை எந்த இடத்தில் வைப்பது என்று ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தவளும் நான்.

இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். தொலைபேசியில் பேசும் வேலை குரல்காரருடையது. ரேடியோவில் இருக்க வேண்டிய குரல் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"இப்ப வந்திருக்கிற அம்மாவைப் போன்ல நீங்கதான எடுத்தீங்க? முதல்ல யார்கிட்ட சொல்வீங்கன்னு கேட்டப்போ யோசிச்சாங்களா?"

"எங்க யோசிச்சாங்க? நான் கேட்டு முடிக்கல, 'என் நாத்தனார்கிட்டதான்'னுட்டாங்க. அருமையான ஜோடி. ஏன், தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா."

குரல்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

போன வருடம் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை முடிந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல" என்றாள். என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து அன்றைக்கு நெகிழ்ந்து போனேன். அந்த நாட்களில் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தவித்திருப்பாள் என்றே இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஊழியரோட சொந்தம்னா எடுக்கக் கூடாதே" என்றார் குரல்காரர். "கேட்டேனே, இல்லைன்னாங்க. சரி விடுங்க, ஒத்திகைக்கு வச்சுக்கலாம். அடுத்த வாரம் ஆள் வேணும்ல?"

உறவினர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பார்ப்பார்கள், அதனால் அந்த விதி. ஆனால் ஆய்வு தொடங்கும் முன் கேள்விகளைச் சரிபார்க்கும் ஒத்திகைக்கு உறவினர்களைத்தான் உட்காரவைப்போம். குரல்காரரின் மாமியார் மூன்று முறை வந்திருக்கிறார்.

"ஒத்திகைக்கு ஆள் போதும்" என்றேன். போதாது என்பது அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அக்கா கண்ணாடி போட்டிருந்தாள்.

"உங்கள எடுக்க முடியாது. நான் இங்க வேலை செய்றேன். போன்ல கேட்டப்போ ஏன் இல்லைன்னு சொன்ன?"

"சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு நீதானேடி ஒரு தடவை சொன்ன. இவ ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ட விட்டு வெளிய வரவே இல்ல. இப்படி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போலாம்னு பாத்தேன்."

"உளவியல்னதும் எங்கண்ணன் சிரிச்சாரு" என்றாள் நாத்தனார். "'மூளையப் பாப்பாங்களாமா? இருந்தாத்தானே பாக்கறதுக்கு'ன்னாரு. அவரு சொன்னதுதான் சரியாப் போச்சு, வாங்க அண்ணி."

நான் சிரிக்கவில்லை. அவள் நல்லவள். மட்டமானவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"வேற எதுக்காவது எங்கள வச்சுக்க முடியாதா?" என்றாள் அக்கா.

"முடியாது. ரூல்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிறுவயதில் நான் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு 'இல்லை' என்று தலையாட்டும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ரூல்னா சரிதான். ஆனா உனக்கு அதைச் சொல்றதுல ஒரு சந்தோஷம் இருக்குடி."

நாத்தனார் அக்காவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். ஆபரேஷன் செய்துகொண்டவள் நாத்தனார். எழ உதவி தேவைப்பட்டதோ அக்காவுக்கு. எந்தப் பக்கம் பிடித்தால் அக்காவுக்கு வலிக்காது என்று நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கு வலி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு ஜன்னல் ஓரம் போய் நின்றேன். எதிரே பஸ் நிறுத்தம். இருவரும் நிழலுக்காக விளம்பரப் பலகையை ஒட்டி நின்றார்கள். நாத்தனார் ஏதோ சொல்ல, அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பையில் கைவிட்டுத் துழாவிப் போனை எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே கொண்டுபோய், விரலால் மெதுவாகத் தள்ளி யாரையோ தேடினாள்.

நாத்தனார் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை.

என் போன் மேஜைமேல் கிடந்தது. அதைத் தொடாமல், திரை ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் வந்து நின்று, நிறுத்தத்தை முழுவதுமாக மறைத்தது.