எடுத்துப் போகச் சொல்லும் மெயில்கள்

மெயிலைத் திறப்பதைத் தள்ளிப்போட எத்தனை வேலை உண்டோ அத்தனையையும் அண்ணி முதலில் செய்துவிடுவாள். ஜன்னலைத் திறப்பாள், மேசையைத் துடைப்பாள், வாசலில் மடக்கி நிறுத்தியிருக்கும் சக்கர நாற்காலிகளை எண்ணுவாள், எண்ணியது மறந்துபோய் மறுபடி எண்ணுவாள். பிறகு வேறு வழியில்லாமல் வந்து உட்காருவாள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுவிட உதவும் மெஷின் ஆகியவற்றை வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனி அது. அவள் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து தொடங்கியது. தம்பி அவளை அண்ணி என்று கூப்பிடப்போய், மெக்கானிக்குக்கும், அவளைவிட மூத்தவரான டிரைவருக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

கணவர் இருந்தவரை மெயில்களை அவர்தான் பார்த்தார். படிப்பது, விவரத்தை டேட்டாபேஸில் ஏற்றுவது, பதில் போடுவது. டேட்டாபேஸில் ஏறாமல் வண்டி அசையக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் இவள் வந்து உட்கார்ந்தாள். "வேலையில இருந்தா மனசு மாறும்" என்று எல்லாரும் சொன்னார்கள்.

மாறவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி தினமும் நாலைந்து மெயில் வரும். சில, குணமானவர்கள் வீட்டிலிருந்து. மற்றவை வேறு. இறந்துவிட்டார் என்று யாரும் எழுதுவதில்லை. 'மெஷின் இனி தேவைப்படாது.' 'அப்பாவின் கட்டிலை எடுத்துக்கொள்ளலாம்.' அவ்வளவுதான் இருக்கும். அதைப் படித்ததுமே அந்த வீட்டு அறை அவளுக்குக் கண்முன் வந்துவிடும். மாத்திரை வைத்த ஸ்டூல், மூலையில் சுருட்டிச் சாத்திய ரப்பர் விரிப்பு, மெஷின் சத்தம் நின்ற பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஆட்கள். அவளுக்கு அழுகை வருவதில்லை. அசதிதான் வரும். மூட்டை தூக்கியவர்களுக்கு வருகிற மாதிரி, கழுத்திலும் தோளிலும்.

அதனால்தான், மெயிலிலிருந்து நேராக டேட்டாபேஸுக்குத் தானாகவே எல்லாம் போகிற மாதிரி செய்யலாம் என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

அதைச் செய்ய வந்த ஆளுக்கு முப்பது வயதிருக்கும். திரையில் கட்டங்களாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்துக்கொண்டே இருந்தான். மத்தியானத்துக்குள் டிரைவர் அவனுக்கு அம்புக்குறி என்றே பெயர் வைத்துவிட்டார்.

"புரோகிராம் எழுதத் தெரியணும்னு இல்ல மேடம்" என்றான் அவன். "மெயில் வந்தா இந்தக் கட்டம். அதுல இந்த வார்த்தை இருந்தா இந்தப் பக்கம் போ, இல்லாட்டி அந்தப் பக்கம் போ. கடைசியில உங்க டேட்டாபேஸ். தண்ணிக் குழாய் போடுற மாதிரிதான்."

"அப்ப அடைப்பும் வரும்னு சொல்லு" என்றார் வாசலில் நின்ற டிரைவர்.

"வராம இருக்குமாண்ணே? அதுக்குத்தானே என் போன் நம்பரைக் கொடுத்துட்டுப் போறேன்."

புதிதாகப் பொருள் கேட்டு வருகிறவை சுலபமாக முடிந்தன. திருப்பி எடுக்கச் சொல்பவற்றில் வந்து வேலை நின்றது. குணமானவர் வீட்டுக்கு ஒரு வாழ்த்து போகவேண்டும். மற்ற வீட்டுக்கு இரண்டு வரி இரங்கல்.

"ரெண்டு மெயிலும் ஒரே மாதிரி இருக்கே. எதை வச்சுப் பிரிக்கிறது?" என்றான் அம்புக்குறி.

"அவசரமில்லைன்னு எழுதியிருக்கான்னு பாருங்க" என்றாள் அண்ணி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"குணமாயிட்டா, கட்டில் எப்படா இடத்தைக் காலி பண்ணும்னு இருப்பாங்க. இன்னைக்கே வாங்கம்பாங்க. மத்தவங்கதான், அவசரமில்லை, முடியும்போது வாங்கன்னு எழுதுவாங்க."

பழைய மெயில்களில் தேடிப் பார்த்தான். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷமாக ஒரு அம்புக்குறி இழுத்தான்.

அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். கணவர் கடைசியில் படுத்திருந்ததும் இந்தக் கம்பெனிக் கட்டிலில்தான். தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆள் வந்திருக்கும். ஆனால் டேட்டாபேஸில் ஏறாமல் வண்டி அசையக் கூடாதே. ஒரு மத்தியானம் கம்பெனி முகவரிக்கே மெயில் போட்டாள். பிறகு வேலைக்கு வந்த முதல் நாள் அதுவரை யாரும் திறக்காமல் கிடந்த அந்த மெயிலைத் திறந்து படித்ததும், விவரத்தை ஏற்றியதும், தன் வீட்டுக்கே வண்டி அனுப்பியதும் அவள்தான்.

கட்டங்கள் ஓட ஆரம்பித்தன. மெயில்கள் அவள் கண்ணில் படாமலே உள்ளே வந்து, பதிலாக வெளியே போயின. டிரைவர் போனில் முகவரி மட்டும் வந்து விழுந்தது. அண்ணிக்குக் காலையில் ஜன்னலைத் திறந்ததும் நேராக வந்து உட்கார முடிந்தது. தூக்கம்கூடக் கொஞ்சம் பரவாயில்லை.

ஒருநாள் போன் வந்தது.

"அம்மா, நான் ரிட்டயரான வாத்தியார் பேசுறேன். உங்ககிட்ட சக்கர நாற்காலி எடுத்திருக்கேன்."

"சொல்லுங்க ஐயா."

"உங்க கம்பெனியில இருந்து எனக்கு இரங்கல் வந்திருக்கு. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, குத்தமே சொல்ல முடியாது. ஆனா நான் இன்னும் இங்கதாம்மா உக்காந்திருக்கேன்."

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எங்க வீட்டம்மா படிச்சுப் பார்த்துட்டு, 'நிஜமாவே போனாக்கூட உங்களுக்கு இவ்வளவு மரியாதையா யாரும் எழுத மாட்டாங்க, பத்திரமா வச்சுக்கோங்க'ங்கிறா. அதை விடுங்க. நான் எழுதினது சக்கரத்தைப் பத்தி. அது இன்னும் கீச்சுகீச்சுன்னு கத்திட்டுத்தான் இருக்கு."

மன்னிப்புக் கேட்டுவிட்டு அவருடைய மெயிலைத் தேடி எடுத்தாள். 'நாற்காலியை எடுத்துப்போய்ச் சக்கரத்தைச் சரிசெய்து தரவும். அவசரமில்லை.' நல்ல மனுஷர், பணிவாக எழுதியிருந்தார். அந்தப் பணிவை வைத்து அவரை மேலே அனுப்பியேவிட்டது இவள் சொல்லிக்கொடுத்த விதி. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும்தான் தோன்றியது. இதே தப்பு திருப்பிப்போட்டும் நடந்திருக்குமே? போன மெயில்களைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. 'அம்மாவின் மெஷினை இன்றே எடுத்துப் போகவும். பார்க்க முடியவில்லை.' அதற்கு, பூரண குணம் அடைந்ததில் மகிழ்ச்சி என்று பதில் போயிருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. இவளே செய்தாள். போனை எடுத்த பெண், "பரவாயில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் அம்புக்குறி வந்தான். தம்பியும் டிரைவரும் இருந்தார்கள்.

"நடுவுல ஒரு கட்டம் வைக்கலாம்" என்றான். "திருப்பி எடுக்கிற மெயில் வந்தா, அப்படியே ஒரு ஆள் போனுக்குப் போகும். அவங்க படிச்சுட்டு வாழ்த்தா, இரங்கலான்னு பொத்தானை அழுத்தினாத்தான் பதில் வெளிய போகும். யார் நம்பர் போடட்டும்?"

"அண்ணி நம்பர்தான்" என்றான் தம்பி. "அவங்களுக்குத்தான் பழக்கம்."

"வேண்டாம்" என்றாள் அண்ணி.

"தினம் நாலு மெயில்தானே அண்ணி?"

"அந்த நாலுதான் தம்பி வேண்டாங்கிறேன்."

"என்ன அண்ணி, திடீர்னு..."

"திடீர்னு இல்ல. வண்டி அனுப்பறேன், மெக்கானிக்கைத் துரத்தறேன், போன்ல திட்டினா வாங்கிக்கறேன். இது மட்டும் என்னால முடியல. இதுல இருந்து தப்பிக்கத்தான் இவரு இழுத்த இழுப்புக்கெல்லாம் சரின்னேன். உங்க நம்பரைப் போடுங்க."

"எனக்கா? எனக்கு இதையெல்லாம் படிச்சா..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அம்புக்குறி கீபோர்டில் இல்லாத தூசியை ஊதினான்.

"போடுங்க முதலாளி" என்றார் டிரைவர். "நாங்க அந்த வீட்டுக்குள்ளயே போய்க் கட்டிலைக் கழட்டறோம். நீங்க படிக்கத்தானே போறீங்க."

தம்பி தன் நம்பரைச் சொன்னான்.

அன்று சாயங்காலம் அண்ணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தம்பி போனில் கூப்பிட்டான்.

"அண்ணி, ஒண்ணு வந்திருக்கு."

"ம்."

"படிக்கட்டுமா?"

"எனக்குப் படிக்காதீங்க தம்பி."

"இல்ல, கீழ அந்தம்மா என்ன எழுதியிருக்காங்கன்னா..."

"தம்பி."

"சரி, சரி. சொல்லல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எந்தப் பொத்தான்னு தெரியுது. கைதான் வரல. அண்ணன் தினமும் இதையெல்லாம் பார்த்துட்டுத்தானா எங்கூட உக்காந்து சாப்பிட்டாரு?"

"ஆமா. நல்லாத்தான் சாப்பிட்டாரு."

'எனக்கு அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்.' அண்ணிக்கு அந்த வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அவன் ஒருமுறைகூட மறுக்காமல் அனுப்பிவிடுவான், நாளைக்கும் அனுப்புவான். இருமுவதுபோல் இருமி அதை உள்ளே தள்ளினாள்.

"முகத்தைக் கழுவிட்டு வந்து அழுத்துங்க" என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."

குழாயில் தண்ணீர் விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"அழுத்திட்டேன் அண்ணி."

"சரி. வச்சிடறேன்."

போனைப் பைக்குள் போட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும். கம்பியைப் பிடித்து எழுந்து நின்றவள், பஸ் இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.