மெர்வ் துடைக்காத மேகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஹோபார்ட் நகரத்தில் புல்தரையில் பந்துருட்டும் பௌல்ஸ் கிளப்பின் பீர்க் குழாய்மேல் கை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.

அந்தக் கிளப்பில் வைத்திருந்த மெர்வுடைய சவப்பெட்டிமேல் விரித்த பூமிப்படம் சுருண்டுகொண்டே இருந்தது. மகள் கிளெனிஸ் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழுந்தது. கடைசியில் சித்தப்பா கோல், அலமாரியிலிருந்து ஆட்டப்பந்துகளைக் கொண்டுவந்து மூலைக்கு ஒன்றாக வைத்தார். அதில் ஒன்று நேராக டாஸ்மேனியாவின் மேல் உட்கார்ந்தது.

“எல்லா மேப்புலயும் நம்ம தீவ விட்டுடுவானுங்க. இன்னிக்குமா?” என்றார் கோல்.

கிளெனிஸ் பந்தை நகர்த்தினாள். தீவுக்குத் தெற்கே, கடலில், விரல்நகம் அளவு ஒரு வெள்ளை மேகம். உலகம் முழுக்க அது ஒன்றுதான்.

படம் அப்பாவின் கைவேலை. செயற்கைக்கோள் ஓயாமல் பூமியைப் படமெடுக்கும்; ஆனால் எந்த நாளிலும் பாதி உலகம் மேகத்துக்குள் கிடக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் வானம் வெளுத்திருந்த ஒரு நாளைத் தேடி, வெட்டி, ஒட்டி, முழு பூமியாக்குவார் மெர்வ். வறட்சிக் காலத்தில் குவின்ஸ்லாந்து மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் போன் போட்டு, “எடுத்த மேகத்தையெல்லாம் எங்கப்பா வச்சிருக்க? எங்களுக்கு ரெண்டு அனுப்பு” என்று கேட்டார். மெர்வ் விலாசம் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அங்கே வெள்ளம்.

அப்படிப்பட்டவர் சொந்த வாசலில் ஒன்றை விட்டுவைத்திருந்தார்.

கிளெனிஸின் தம்பி ராஸ் மீன்பிடிப் படகோடு போய்த் திரும்பாத மறுநாள் காலை, அப்பா கண்ணீர் விடவில்லை. சாண்ட்விச் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து அம்மாவிடம், “படத்தப் பாத்தேன். பெரிய மேகம். புயல்தான் கொண்டுபோயிருக்கு” என்று மட்டும் சொன்னார். அந்த மாதமெல்லாம் ராஸ் யாரோடும் பேசாமல் திரிந்ததைச் சொல்லி, ‘அவனாப் போயிட்டானோ’ என்று துறைமுகத்தில் முணுமுணுத்தவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா அந்தப் புயலைத் திட்டித் திட்டியே மிச்சக் காலத்தைக் கழித்தாள். கிளெனிஸ் திட்டியது அப்பாவை.

“மேகத்தத்தானே பாக்கற?” அப்பாவோடு வேலை பார்த்த பெவ், சாஸேஜ் ரோல் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். “நான் எத்தனையோ தடவ தொடச்சேன்மா. மறுநாள் வந்து பாத்தா திரும்ப அங்கயே ஒக்காந்திருக்கும். மேலதிகாரி கத்துனாரு. உங்கப்பா, ‘அது ராஸ் போன அன்னிக்கு இருந்த மேகம், இருக்கட்டும்’னாரு. அப்புறம் யாரும் தொடல.”

கிளெனிஸ் கடித்த ரோலைத் தட்டிலேயே வைத்தாள்.

“அழத் தெரியாத மனுஷன்னு நெனச்சேன்.”

“அவரு மூக்குக்கண்ணாடிய நான்தான் தொடச்சுக் குடுப்பேன். ஒரே உப்பா இருக்கும். கேட்டா கடல்காத்துன்னு சொல்வாரு. எங்க ரூமுக்கு ஜன்னலே கெடையாது.”

“பெட்டியத் தூக்கணும். பந்துகள எடுங்க” என்றார் கோல். எடுத்ததும் பூமி தானாகச் சுருண்டு கிளெனிஸின் கைக்குள் வந்தது.

“பெவ், அந்த நாள் படம் இன்னும் இருக்கா?”

“நாங்க எதையும் அழிக்கறதில்லம்மா. திங்கக்கெழம வா. அந்த மேகத்த முழுசா எடுத்துத் தரேன். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோ.”

திங்கட்கிழமை கிளெனிஸ் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெவ் ராஸ் போன நாளின் படத்தைத் திறந்தாள். தேதி சரிதானா என்று பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். கிளெனிஸ் திரைப்பக்கம் குனிந்தாள்.

அன்று தீவின் தெற்குக் கடல்மேல், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, ஒரு மேகமும் இல்லை.