சாப்டாச்சா?

...யாரும் ஓட்டுப் போட வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், அதற்கு ஒரு காவல், காவலுக்குத் தேநீர் வேறு, என்று நினைத்தபோது பீ-கியோக்குக்குச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. கோயில் முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலி, தட்டு நிறைய பூசணி விதை, நேர் எதிரே ஓட்டுச் சாவடியாகிவிட்ட பள்ளிக்கூடம்... நகரத் தலைவர் கோங்-ஹியானைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்று இன்றைக்கு ஓட்டு, இறக்கு என்று போதுமான ஓட்டு விழாவிட்டால் மனிதர் தப்பித்தார், ஆகவே அவருடைய கறுப்புக் கோஷ்டி வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று உத்தரவு, அப்புறம் அந்த வாசலைத் தாண்டுகிறவன் உள்ளே எதில் குத்தினால் என்ன, எதிரணிச் சிவப்புக் கோஷ்டி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரிதானே, ரகசிய ஓட்டாம், ரகசியம். தலைவரின் தம்பி காலையிலேயே வந்து சொல்லிவிட்டான், "அக்கா, நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும், ஒரு பய உள்ள போமாட்டான்." அவளும் யாரையும் மிரட்டவில்லையே, ஊர் வழக்கப்படி விசாரிக்கிறாள், "சாப்டாச்சா?" சோயாப்பால் கடைக்காரன் வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டான். "ஆச்சுக்கா. சும்மா காத்து வாங்க வந்தேன்." காற்று வாங்க வந்தவனுக்குக் கையில் சாவடியில் காட்டுகிற அடையாள அட்டையும், கையெழுத்துக்குப் பதில் குத்துகிற பெயர் முத்திரையும் எதற்கு...

மாமியார் சாவுக்கு முதல் மலர்வளையம் தலைவருடையது, மகனுக்கு நகர அலுவலகத்தில் வேலை அவர் போட்டது, இல்லையென்று சொல்ல நாக்கு வருமா? ஆனால் அவள் வீட்டு மீன்குளத்துக்குப் பக்கத்திலேயே ஆலைச் சாம்பல் கொட்ட அனுமதி கொடுத்ததும் அவர்தானே, மழையில் அது இறங்கி, ஒரே காலையில் பால்கெண்டை அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்து... புருஷன் பூன்-தியென் கரையில் உட்கார்ந்தவன்தான், அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது, போன தடவை ஆற்று மணலை அள்ளித் தின்றவர்கள்தானே, என்று எத்தனை முறை அவனிடம் சொல்லியிருப்பாள், யாருக்குச் சொன்னாள், தனக்கேதானோ?

வாசல் மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் வெள்ளைச் சட்டை ஒன்று தெருமுனையில் திரும்பியது, கல்யாணம் கருமாதிக்கு மட்டும் எடுக்கிற சட்டை, அவளே இஸ்திரி போட்டது. பூன்-தியென். குனிந்து கெட்டிலை எடுக்கலாம், பார்க்காத மாதிரி இருந்துவிடலாம், போ, போய்யா, உள்ளே போய்விடு, என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, காலையிலிருந்து பழகிப்போன வாய் அதற்குள் திறந்துவிட்டது. "சாப்டாச்சா?"

அவன் நின்றான். யாரோ ஊர்க்காரியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"ஆச்சுக்கா," என்றான். "சும்மா காத்து வாங்க வந்தேன்."

திரும்பி நடந்தான். அவளுடைய பைக்குள்ளும் அட்டை இருந்தது, முத்திரை இருந்தது, காலையில் எதற்கு எடுத்து வைத்தாளோ, எழுந்து தெருவைத் தாண்டினால் வாசல், சாப்டாச்சா என்று அவளைக் கேட்க எதிரே யாருமே இல்லை, ஊருக்கெல்லாம் காவல் போட்டவர்கள் அவளுக்கு மட்டும் ஏன் போடவில்லை...